இரண்டு மணித்தியாலம்

செவ்வாய்க்கிழமைக் கிளினிக்கில் நான் முதலில் கேட்கிற கேள்வி எப்போதும் ஒன்றுதான். "அப்பு, காலமை தேத்தண்ணி குடிச்சனீங்களோ?"

பாதிப் பேர் தலையைக் குனிந்துகொள்வார்கள். விடிய எழும்பி, கிணற்றடியில் முகம் கழுவி, ஒரு மிடறு தேத்தண்ணி குடிக்காமல் படலையைத் திறக்கிற வழக்கம் எங்கள் ஊரில் இல்லை. சாதாரண நாளில் அதில் பிழையும் இல்லை. சலப்பைக்குள் மருந்து விடுகிற நாளில் மட்டும் அந்த ஒரு கோப்பை கணக்கில் வந்துவிடும். நான் விடப்போவது 50 மில்லிலீற்றர். அது உள்ளே இரண்டு மணித்தியாலம் நிற்கவேண்டும். சிறுநீரகம் எங்களுக்காக வேலையை நிறுத்திவைக்காது. சும்மா படுத்திருக்கிற மனிதனுக்கே நிமிடத்துக்கு ஏறத்தாழ ஒரு மில்லிலீற்றர் சலம் இறங்கிக்கொண்டிருக்கும். இரண்டு மணித்தியாலம் முடிகிறபோது என்னுடைய 50, 170 ஆகியிருக்கும். தேத்தண்ணி குடித்தவருக்கு இன்னும் கூட. மருந்து தண்ணியாகிப் போகும், சலப்பை முட்டும், மனிதர் ஒரு மணித்தியாலத்திலேயே கக்கூசுக்கு ஓடுவார்.

இருபத்தைந்து வருடத்துக்கு மேலாக யாழ்ப்பாணக் குடாநாட்டின் ஆஸ்பத்திரிகளில் தாதியாக இருந்திருக்கிறேன். அதில் முக்கால்வாசிக் காலம் சலம் சம்பந்தமான கிளினிக்கிலும் தியேட்டரிலும் கழிந்தது. மற்றவர்கள் மூக்கைப் பொத்துகிற வேலை என்று வீட்டில்கூடச் சொன்னார்கள். எனக்கு அது பிடித்துப்போனது. ஒரு மருந்தை அது வேலை செய்யவேண்டிய இடத்திலேயே கையால் கொண்டுபோய் விடுகிற வேலை ஆஸ்பத்திரியில் அதிகம் பேருக்குக் கிடைப்பதில்லை.

சலப்பையின் உட்சுவரை முதலில் சொல்லவேண்டும். எங்கள் உடம்பிலேயே மிக இறுக்கமாக அடைக்கப்பட்ட மேலணிகளில் அது ஒன்று. உடம்பு வேண்டாமென்று கழித்த கழிவு மணிக்கணக்காக அதற்குள் நிற்கிறது. அது திரும்ப இரத்தத்துக்குள் ஊறினால் நாங்கள் உயிரோடு இருக்கமுடியாது. மேல்வரிசைக் கலங்கள் குடையை விரித்ததுபோலப் பரந்து, விளிம்புக்கு விளிம்பு பூட்டியபடி இருக்கும். அதற்கு மேல் வழுவழுப்பாக ஒரு படலம். மழைநீர்த் தொட்டிக்கு உள்ளே சிமெந்து பூசி, அதற்கும் மேல் மெழுகு பூசினால் எப்படியோ அப்படி. அந்தச் சுவரின் இழையத்துக்குள் மருந்தை இறக்குவதுதான் எங்கள் தொழில்.

அதே இறுக்கம் எங்களுக்குத் துணையும் செய்கிறது. மேல்தோலில் மட்டும் முளைத்திருக்கிற சலப்பைப் புற்றுக்கு மருந்தை நாளத்தில் ஏற்றினால் முழு உடம்பும் அதைத் தாங்கவேண்டும், சலப்பைக்குப் போய்ச்சேருவதோ சொற்பம். சலவாசலால் போடுகிற ரியூப் மூலம் நேரே உள்ளே விட்டால் மருந்து சுவரோடு நிற்கும். இரத்தத்துக்குள் இறங்குவது மிகக் குறைவு. தலைமயிர் கொட்டாது. அன்றைக்கே வீட்டுக்குப் போகலாம். ஆனால் சுவர் மருந்தை உடனே ஏற்றுக்கொள்ளாது. அதற்கு நேரம் கொடுக்கவேண்டும். தேத்தண்ணிக் கேள்வியும் இரண்டு மணித்தியாலமும் இதிலிருந்து வருகிறவைதான்.

சாமானைப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. 12ஆம் நம்பர் ரியூப் ஒன்று. நம்பரை மூன்றால் பிரித்தால் வெளிவிட்டம் மில்லிமீற்றரில் வரும், ஆகவே 12 என்பது 4 மில்லிமீற்றர். பாரிசில் சத்திரசிகிச்சைக் கருவிகள் செய்த சாரியேர் என்பவர் வகுத்த அளவு அது. இன்றைக்கும் உலகம் முழுக்க அந்த நம்பரில்தான் பெட்டி வருகிறது. நான் பயிற்சி பெற்ற தொண்ணூறுகளில் குடாநாட்டில் மின்சாரம் இல்லை. சிவப்பு றப்பர் ரியூப்களைக் கழுவி, மண்ணெண்ணெய் அடுப்பில் அவித்து, திரும்பத் திரும்பப் பாவித்தோம். நாலைந்து தரம் அவித்த றப்பர் விறைத்துப்போகும், நுனி சொரசொரக்கும். விரலால் தடவிப் பார்த்து, சரியில்லாததைத் தூக்கி எறியவேண்டும். அந்தக் காலத்தில் எறிவதற்கு மனம் வராது. இன்றைக்குப் பெட்டியிலிருந்து புதிய ரியூப்பை எடுக்கிறபோதும் என் விரல் தானாக நுனியைத் தடவும்.

எங்கள் கிளினிக்கின் பெரிய மருந்து பி.சி.ஜி. பிள்ளை பிறந்து வீட்டுக்குப் போகமுன் இடது தோளில் குத்துகிற அதே ஊசியின் உறவு. இலங்கையில் கையைத் தூக்கிப் பார்த்தால் அநேகமாக எல்லாருக்கும் அந்தத் தழும்பு இருக்கும். பிரான்சில் கல்மெத், கெரின் என்ற இருவர் மாட்டுக் காசநோய்க் கிருமியை உருளைக்கிழங்கிலும் மாட்டுப் பித்தநீரிலும் 13 வருடம், 230 தரம் மாற்றி மாற்றி வளர்த்து அதன் நஞ்சை மழுங்கடித்தார்கள். 1921இல் முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுத்தார்கள். அதைச் சலப்பைக்குள் விட்டால் புற்று திரும்ப முளைப்பது குறைகிறது என்று 1976இல் கனடாவின் கிங்ஸ்டன் நகரில் அல்வாரோ மொராலெஸ் என்ற வைத்தியர் ஒன்பது நோயாளிகளின் அனுபவத்தை வைத்து எழுதினார். கிழமைக்கு ஒன்றாக ஆறு கிழமை விட்டார். ஏன் ஆறு? அவருக்குக் கிடைத்த மருந்து ஆறு குப்பிகள் கொண்ட பொதியாக வந்தது என்று சொல்வார்கள். இன்றைக்கும் உலகம் ஆறு கிழமையில்தான் நிற்கிறது. பெரிய ஆராய்ச்சிகள் பின்னால் வந்து மூன்று வருடத்துக்குப் பராமரிப்பு மருந்தும் சேர்த்தன. முழுதாகக் கணக்குப் பார்த்தால் 27 தரம். அந்த முதல் ஆறு மட்டும் மாறவில்லை.

இதை நோயாளிக்கு விளங்கப்படுத்துவதுதான் எனக்குக் கடினமாக இருந்தது. "தம்பி, கசக் கிருமியையோ உள்ளுக்கு விடப்போறியள்?" என்று கேட்டவர்கள் பலர். எங்கள் ஊரில் கசம் என்ற சொல்லுக்கு இருக்கிற பயம் புற்றுநோய்க்கு இருக்கிற பயத்துக்குக் குறைந்ததில்லை. அதற்குத் தமிழில் சொல் தேடியபோது ஒருவர் நினைவுக்கு வந்தார். மானிப்பாயில் 1848இல் வைத்தியம் படிப்பிக்கத் தொடங்கிய சாமுவேல் பிஸ்க் கிறீன் பின்னாட்களில் மேல்நாட்டு வைத்தியம் முழுவதையும் தமிழில் படிப்பிக்கலாம் என்று நம்பி, அங்காதிபாதம், இரண வைத்தியம் என்று பெரிய பெரிய புத்தகங்களைத் தமிழாக்கினார். அவரும் மாணவர்களும் ஒவ்வொரு சொல்லுக்கும் எவ்வளவு மினக்கெட்டிருப்பார்கள் என்பது எனக்கு நோயாளிக்கு முன்னால் இருக்கும்போதுதான் உறைத்தது. கடைசியில் நான் சொல்லப் பழகியது இது: "அப்பு, இது வீட்டை எரிக்கிற நெருப்பில்லை, ஊரைக் கூப்பிடுகிற கூக்குரல். இந்தக் கிருமி சுவரில ஒட்டிக் கத்தும். உங்கட உடம்பில இருக்கிற காவல்காரர் ஓடி வருவினம். வந்தவை புற்றையும் கண்டு அடிப்பினம்." நோயெதிர்ப்பு பற்றிப் புத்தகத்தில் உள்ளதற்கு இது அதிகம் தூரமில்லை.

சுவர் ஆறவேண்டும் என்பது இந்த வேலையின் முதல் சட்டம். கமரா விட்டு, கரண்ட் வளையத்தால் புற்றைச் சுரண்டி எடுத்த பிறகு குறைந்தது இரண்டு கிழமை பொறுத்துத்தான் பி.சி.ஜி. விடலாம். உள்ளே புண் திறந்திருந்தால் உயிருள்ள கிருமி இரத்தத்துக்குள் இறங்கிவிடும். அதே காரணத்துக்காக, ரியூப் போடும்போது இரத்தம் கண்டால் அன்றைக்கு மருந்து இல்லை.

அந்தச் சட்டத்தை நான் ஒருமுறை மீறினேன். சேவையில் சேர்ந்து சில வருடம் ஆகியிருந்த காலம். எந்த ஆஸ்பத்திரி என்பது வேண்டாம். எழுபது வயது தாண்டிய ஒருவர். புரொஸ்டேட் கொஞ்சம் வீங்கியிருந்தது. ரியூப் வளைவில் தட்டியது. பொறுத்திருந்து, அவரை மூச்சை விடச் சொல்லி, நுனி வளைந்த வேறு ரியூப் எடுத்திருக்கவேண்டும். நான் கொஞ்சம் அழுத்தினேன். உள்ளே போனது. வந்த சலத்தில் இளஞ்சிவப்பாக ஒரு நூல். ஒரு நூல்தான். வெளியே வாங்கில் அவருடைய மகன் வேலைக்கு லீவு போட்டுவிட்டு இருந்தார், கிளினிக் நிறையச் சனம். டொக்டரிடம் காட்டாமல் மருந்தை விட்டேன். இரவு பத்து மணிக்குக் காய்ச்சலும் நடுக்கமுமாக அவரைக் கொண்டுவந்தார்கள். கட்டில் கம்பி கிலுகிலுக்கிற நடுக்கம். காசநோய்க்குக் கொடுக்கிற குளிசைகளைத்தான் அதற்கும் கொடுக்கவேண்டும். மாதக்கணக்காகக் குடித்தார். உயிர் தப்பினார். ஆனால் பிறகு பி.சி.ஜி. விடமுடியவில்லை. மிச்ச மருந்து அவருக்கு இல்லாமல் போனது என்னால். மகனிடம் நானே போய் நடந்ததைச் சொன்னேன். அவர் ஒன்றும் பேசாமல் என் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அதற்குப் பிறகு புதிதாக வருகிற தாதிகளுக்கு நான் முதலில் காட்டுவது ரியூப் போடுகிற முறையை. கையுறை, முகமூடி, கண்ணாடி, மேலங்கி. குப்பியில் உள்ள வெள்ளைத் தூளைச் சேலைனில் மெதுவாகக் கலக்கவேண்டும், நுரைக்கக் குலுக்கக்கூடாது. வழுக்கும் ஜெலி கொஞ்சம்தான், கிருமிநாசினி கலந்த ஜெலி கூடாது, அது மருந்தில் உள்ள கிருமியையும் கொல்லும். சலப்பையில் உள்ள சலம் முழுவதையும் வடியவிடவேண்டும். பிறகு மருந்தை உயரத்தில் பிடித்து அது தன் பாட்டில் இறங்கவிடவேண்டும். சிறிஞ்சின் தண்டைப் பெருவிரலால் தள்ளக்கூடாது. புதியவர்களுக்கு அந்த விரலை அடக்குவதுதான் பெரும்பாடு. தள்ளினால் சலப்பை சுருங்கி எதிர்க்கும், மருந்து ரியூப்புக்குப் பக்கத்தால் வெளியே வரும். கண்ணாடிக் குழலில் பால்போல வெளிறிய நீர் கோடு கோடாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டு நிற்கவேண்டும். இரண்டு, மூன்று நிமிடம். அந்த நேரத்தில் நோயாளியோடு மழையைப் பற்றியோ, வெங்காய விலையைப் பற்றியோ கதைப்பேன்.

ரியூப்பை எடுத்ததும் இரண்டு மணித்தியாலம் தொடங்கும். முந்தி கால்மணிக்கொரு தரம் வலப்பக்கம், இடப்பக்கம், குப்புற, மல்லாக்க என்று படுக்கச் சொல்வோம். சுவர் முழுக்க மருந்து படவேண்டும் என்ற எண்ணம். இப்போது அது பெரிதாகத் தேவையில்லை என்கிறார்கள். நான் அதை நிறுத்தவில்லை. படுத்துத் திரும்புகிறவருக்கு நேரம் போகும், சலம் முட்டுகிற நினைப்புக் குறையும்.

நெடுந்தீவு அப்புவை இந்த இடத்தில் சொல்லவேண்டும். கடலில் வேலை செய்தவர். வாயில் சுருட்டு இல்லாமல் அவரை ஊரில் யாரும் கண்டிருக்கமாட்டார்கள் என்று பெறாமகள் சொன்னார். வலியில்லாமல் சலத்தில் இரத்தம் போய், நின்று, திரும்பப் போய், எட்டு மாதம் கழித்து வந்தார். எங்கள் சனம் நோகிற நோயைத்தான் நோய் என்று எடுக்கும். "நோகேல்லைத் தம்பி, சூடு எண்டு நினைச்சு இளநி குடிச்சன்" என்றார். நோகாமல் ஒரே ஒரு தரம் சலத்தில் இரத்தம் போனாலும், மறுநாள் தெளிந்துவிட்டாலும், கட்டாயம் வந்து காட்டவேண்டும். இதை நான் கோயில் மடத்திலும் சலூனிலும் பஸ்ஸிலும் சொல்லியிருக்கிறேன், இங்கேயும் சொல்கிறேன். சலப்பைப் புற்று பெரும்பாலும் அப்படித்தான் முதலில் முகம் காட்டும்.

சுருட்டைப் பற்றி நான் மெல்லப் பேசமுடியாது. குடாநாட்டுச் செம்மண்ணில் விளைந்த புகையிலை திருவிதாங்கூர் வரை போய் விற்ற காலம் உண்டு. எத்தனையோ வீடுகள் அந்தக் காசில் எழும்பின, எத்தனையோ பிள்ளைகள் படித்தார்கள். எங்கள் வீடும் அப்படி ஒன்று. ஆனால் புகையில் உள்ள நச்சுக்கள் இரத்தத்தில் கலந்து, சிறுநீரகத்தால் வடிந்து, சலத்தோடு சலப்பையில் மணிக்கணக்காகத் தங்குகின்றன. நாற்பது ஐம்பது வருடம், பகலும் இரவும், அந்தச் சுவரில் படிந்தபடி. நான் இரண்டு மணித்தியாலம் மருந்தை அங்கே நிறுத்துவதற்குப் படுகிற பாட்டை நினைத்தால், சுருட்டு எந்தப் பாடும் இல்லாமல் எவ்வளவு நேரத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது என்று நெஞ்சு எரியும்.

அப்பு முதல் தரம் வந்தபோது பின்னேரப் படகைப் பிடிக்கவேண்டும் என்று நின்றார். குறிகட்டுவானுக்குப் பஸ், அங்கிருந்து படகு. "ரெண்டு மணித்தியாலம் அடக்கத்தானே வேணும், பஸ்ஸுக்க இருந்து அடக்கிறன்" என்றார். அவருக்கு விளங்கப்படுத்த அரை மணித்தியாலம் சென்றது. அடக்குவது ஒரு பாதி. வெளியே விடுவது மற்றப் பாதி. முதல் ஆறு மணித்தியாலம் போகிற சலத்தில் உயிருள்ள கிருமி இருக்கும். குந்தி இருந்துதான் கழிக்கவேண்டும், தெறிக்கக்கூடாது. ஒவ்வொரு தரமும் கக்கூசுக்குள் புளீச்சிங் திரவம் ஊற்றி, கால்மணித்தியாலம் விட்டு, பிறகுதான் தண்ணி அடிக்கவேண்டும். படகில் இதெல்லாம் எங்கே? எங்கள் குடாநாட்டில் சுண்ணாம்புக் கல்லுக்கு மேல்தான் எல்லாரும் இருக்கிறோம். ஒரே வளவுக்குள் கக்கூசுக் குழியும் கிணறும். மேலே ஊற்றுவது கீழே போக அதிக நாள் எடுக்காது. அதைச் சொன்னபோதுதான் அவர் அடங்கினார். "கிணத்துக்க போகுமெண்டால் பிழைதான்" என்றார். கொக்குவிலில் இருந்த பெறாமகள் வீட்டில் முதல்நாள் வந்து தங்கி, மருந்து விட்டு, மறுநாள் படகேறுவதாக முடிவாயிற்று. ஆறு செவ்வாய்க்கிழமை. ஒருநாளும் தேத்தண்ணி குடித்துவிட்டு வரவில்லை.

மைற்றோமைசின் வேறு வகை. ஊதா நிறமான மருந்து, குப்பியைத் திறந்தாலே நாவற்பழச் சாறு நினைவுக்கு வரும். புற்றைச் சுரண்டி எடுத்த அன்றைக்கே, 24 மணித்தியாலத்துக்குள் ஒரு தரம், 40 மில்லிகிராம். வெட்டும்போது உதிர்ந்து மிதக்கிற கலங்கள் வேறிடத்தில் ஒட்டி முளைக்காமல் இருக்க. ஒரு மணித்தியாலம் ரியூப்பைப் பூட்டிவைத்துத் திறப்போம். சுவர் துளைபட்டிருக்குமோ என்று டொக்டருக்குச் சந்தேகம் இருந்தால் விடவே கூடாது, வயிற்றுக்குள் கசிந்தால் பெரிய கேடு. தோலில் பட்டால் எரிந்து புண்ணாகும். கழித்த பிறகு கையையும் அந்த இடத்தையும் சவர்க்காரம் போட்டுக் கழுவச் சொல்லவேண்டும்.

இதுவரை சொன்னதெல்லாம் சுவரின் மேல் மருந்தை நிறுத்துவது. சுவருக்குள்ளேயே குத்தி இறக்குவதும் இருக்கிறது. அதை நான் பார்த்தது முள்ளந்தண்டு அடிபட்டவர்களிடத்தில். எங்கள் பகுதியில் அவர்கள் எப்படி உருவானார்கள் என்று எழுதத் தேவையில்லை, செல் துண்டு உள்ளே இருக்கிற பொடியன்கள் இன்றைக்கு நடுத்தர வயதுக்காரர். அவர்களோடு ஒரே வரிசையில் பனையால் விழுந்தவர்களும் இருப்பார்கள். கள்ளுச் சீவப் போய், தளநார் அறுந்து, முப்பது நாற்பது அடியிலிருந்து விழுந்தவர்கள். கால் போனதை ஊர் பார்க்கும். சலப்பை போனதை ஒருவரும் பார்ப்பதில்லை. மூளையின் கட்டளை இல்லாத சலப்பை தன் பாட்டில் சுருங்கும், வாசலோ திறக்காது. உள்ளே அமுக்கம் ஏறிச் சலம் மேல்நோக்கித் திரும்பும், சிறுநீரகம் பழுதாகும். முந்திய காலத்தில் இப்படி அடிபட்டவர்கள் அதிகம் இறந்தது சிறுநீரகம் செயலிழந்துதான்.

அவர்களுக்கு முதல் உதவி ஒரு சாதாரண ரியூப். 1972இல் மிச்சிகனில் ஜக் லபிடெஸ் என்ற வைத்தியர், கை சுத்தமாக இருந்தால் போதும், நோயாளியே நாலைந்து மணித்தியாலத்துக்கொரு தரம் ரியூப் போட்டுச் சலத்தை எடுக்கலாம் என்று காட்டினார். அதற்கும் அடங்காத சலப்பைக்குத்தான் பொட்டொக்ஸ். கெட்ட உணவில் வளர்ந்து மனிதனை முடமாக்குகிற கிருமியின் நஞ்சு அது. நரம்பிலிருந்து தசைக்குப் போகிற சேதியை மாதக்கணக்கில் நிறுத்திவைக்கும். இப்படி அடிபட்டவர்களுக்கு 200 அலகு, 30 மில்லிலீற்றர் சேலைனில். கமராவுக்குள்ளால் நீண்ட மெல்லிய ஊசியை விட்டு, தசைக்குள் இரண்டு மில்லிமீற்றர் ஆழத்தில், ஒரு சென்றிமீற்றர் இடைவெளி விட்டு, ஒவ்வொன்றிலும் ஒரு மில்லிலீற்றர். முப்பது குத்து.

எண்ணுவது என் வேலை. டொக்டர் திரையைப் பார்த்துக்கொண்டு குத்துவார், நான் சிறிஞ்சைத் தள்ளி, "ஒண்டு... ரெண்டு..." என்று உரத்துச் சொல்லவேண்டும். சரியான ஆழத்தில் இறங்கினால் இளஞ்சிவப்புச் சுவர் மெதுவாக எழும்பும், ஆனால் தோல் பொங்கிக் கொப்புளமாக நிற்காது. கொப்புளம் கட்டினால் மேலோட்டமாகிவிட்டது. ஒன்றும் எழும்பாவிட்டால் மருந்து சுவரைத் தாண்டி வெளியே போய்விட்டது. அந்த இரண்டு மில்லிமீற்றரைத் திரையில் கண்டுபிடிக்க எனக்குப் பல மாதம் சென்றது.

ஒருநாள் பதினேழு என்று சொல்லிக்கொண்டிருக்கிறேன், மேசையில் படுத்திருந்த சீவல்காரத் தம்பியின் நெற்றியில் பொட்டுப் பொட்டாக வியர்வை. முகம் செக்கச் செவேலென்று. "அண்ணை, தலை வெடிக்குது" என்றான். அவனுக்கு நெஞ்சுக்குக் கீழே உணர்ச்சி இல்லை, குத்துவதே தெரியாது. ஆனால் நெஞ்சுக்குழி மட்டத்துக்கு மேல் முள்ளந்தண்டு அடிபட்டவர்களுக்குச் சலப்பை நிரம்பினால் உடம்பு தறிகெட்டு இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். மெசின் 200ஐத் தாண்டிக் காட்டியது. ஊசியை எடுத்து, கமராவின் வழியைத் திறந்து தண்ணியை வடியவிட்டு, மேசையின் தலைப்பக்கத்தை உயர்த்தினோம். நாலைந்து நிமிடத்தில் வியர்வை அடங்கியது. மூளையில் இரத்தக்குழாய் வெடித்துச் சாகவும் கூடிய விசயம் அது. மிச்சப் பதின்மூன்றையும் பாதி நிரம்பிய சலப்பையில் மெதுமெதுவாக முடித்தோம். ஒன்பது மாதம் அவன் நனையாமல் இருந்தான். கொழும்புக்குப் போய்வந்ததாக, முழு இரவும் பஸ்ஸில் இருந்ததாக, வந்து சொன்னான். பிறகு மருந்தின் வேலை முடிந்து திரும்பவும் நனையத் தொடங்கியது, திரும்பவும் குத்தவேண்டும். அந்தக் குப்பி விலை கூடியது. எங்கள் கையில் எப்போதும் இருக்காது. டொக்டர்மாரும் வெளிநாட்டில் உள்ள உறவுகளும் எத்தனையோ தரம் சேர்ந்து வாங்கித் தந்திருக்கிறார்கள். இப்படி ஒரு மருந்து யாரோ ஒருவருடைய மனதை நம்பி இருக்கக்கூடாது என்பது என் முறைப்பாடு.

பி.சி.ஜி.யும் அப்படித்தான் இல்லாமல் போகும். 2012இல் ரொறன்ரோவில் இருந்த பெரிய தொழிற்சாலைக்குள் வெள்ளம் புகுந்து உற்பத்தி நின்றது, 2017இல் அந்தக் கம்பனி அதை முற்றாகவே விட்டுவிட்டது. உலகத்தில் இதைச் செய்கிறவர்கள் சிலர்தான், எங்களுக்குப் பக்கத்தில் இந்தியாவின் பூனேயில் செய்கிறார்கள். உயிருள்ள கிருமியை வளர்த்து எடுக்க மாதக்கணக்கு ஆகும், அவசரப்படுத்தமுடியாது. 2022இல் எங்கள் நாடே இருண்டது. மார்ச் கடைசியில் ஒருநாளைக்கு 13 மணித்தியாலம் மின்வெட்டு. பி.சி.ஜி. 2 முதல் 8 பாகைக்குள் இருக்கவேண்டிய சாமான். பெட்டிக்குள் ஐஸ் வைத்து, வெப்பமானியை மணிக்கொரு தரம் பார்த்து எழுதினேன். மருந்து இருந்தாலும் ஆள் வரப் பெற்றோல் இல்லை. ஏழாலையிலிருந்து ஒருவர் மருந்து விட்ட வயிற்றோடு சைக்கிள் மிதித்துப் போகப்போகிறேன் என்றார். கிளினிக் பூட்டிய பிறகும் அவரை என் கதிரைக்குப் பக்கத்தில் இருத்திவைத்து இரண்டு மணித்தியாலத்தை முடித்து அனுப்பினேன்.

உலகத்தில் இப்போது அந்தச் சுவரை வெல்லப் பல சாமான்கள் வந்துவிட்டன. இத்தாலியில் டி ஸ்டாசி என்பவரின் குழு ரியூப்புக்குள் மின்கம்பி வைத்து, அடிவயிற்றில் தகடு ஒட்டி, 20 மில்லி அம்பியர் மின்சாரத்தால் மைற்றோமைசினை அரை மணித்தியாலத்தில் சுவருக்குள் செலுத்தினார்கள். மருந்தை 42 பாகை வரை சூடாக்கி விடுகிற மெசின் இருக்கிறது. குளிரில் தண்ணியாகவும் உடம்புச் சூட்டில் களியாகவும் ஆகிச் சுவரில் ஒட்டி நிற்கிற மருந்து வந்திருக்கிறது. எனக்கு இவற்றில் மனம் போனது ஒன்றில்தான். 2025 செப்டெம்பரில் அமெரிக்கா அனுமதித்த ரார்-200 என்ற சிலிக்கோன் ரியூப். ரியூப் வழியாக நேராக உள்ளே போய், சலப்பைக்குள் முறுக்குப்போலச் சுருண்டு கிடக்கும். 225 மில்லிகிராம் ஜெம்சிற்றபின் அதற்குள் இருக்கிறது. சலம் அந்த ரியூப்பின் சுவரால் ஊறி உள்ளே போய் மருந்தைக் கரைத்து, சொட்டுச் சொட்டாக மூன்று கிழமைக்கு வெளியே விடும். பி.சி.ஜி.க்கு அடங்காத மேலோட்டமான புற்று உள்ள 83 பேரில் ஏறத்தாழ 82 வீதமானவர்களுக்குப் புற்று மறைந்தது.

அதன் படத்தை டொக்டர் தன் போனில் காட்டினார். நான் நெடுந்தீவு அப்புவை நினைத்தேன். மூன்று கிழமைக்கு ஒரு தரம் படகேறினால் போதும். தேத்தண்ணி குடிக்கலாம், அடக்கத் தேவையில்லை, மருந்தே அவரோடு வீட்டில் இருக்கும். தூர இடத்தில் இருக்கிறவனுக்கும் கடலைத் தாண்டி வருகிறவனுக்கும் ஏற்ற சாமான் இது. அதன் விலை இன்றைக்கு எங்கள் ஆஸ்பத்திரிகள் நினைத்தும் பார்க்கமுடியாதது என்பதும் தெரியும். மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போய்க்கொண்டிருந்த எங்கள் புற்றுநோயாளர்களுக்கு, 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சனம் நடந்து சேர்த்த காசில் தெல்லிப்பழையில் ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி எழும்பியது. அதையும் நாங்கள் முந்தி நினைத்துப் பார்த்ததில்லை.

அப்புவுக்கு ஆறும் முடிந்து, மூன்றாம் மாதம் கமரா விட்டுப் பார்த்தபோது சுவர் சுத்தமாக இருந்தது. சிவந்த இடங்கள் ஆறி, மெல்லிய இரத்தக்குழாய்கள் மரக்கிளைபோலத் தெளிவாகத் தெரிந்தன. திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். நெடுநேரம் பார்த்தார். "உதுக்குள்ளயோ தம்பி உவ்வளவு நாளும் புகை கிடந்தது?" என்றார். சுருட்டை விட்டுவிட்டதாகப் பெறாமகள் சொன்னார், அப்பு பாதி விட்டதாகத் திருத்தினார்.

பராமரிப்பு மருந்தின் முதல் மூன்றில் இரண்டு முடிந்தது. மூன்றாவதற்கு வரவேண்டிய செவ்வாய்க்கு முதல்நாள் மத்தியானம் பெறாமகளின் தொலைபேசி வந்தது. கடல் கொந்தளிப்பு, படகு விடவில்லை, அப்பு துறையில் நின்றுவிட்டுத் திரும்பிவிட்டார். நான் பெட்டியைத் திறந்து அவருக்கென்று எடுத்துவைத்த குப்பியைப் பார்த்தேன். மூடி உடைக்கவில்லை, வெப்பமானி 5இல் நின்றது. அதைத் திரும்ப உள்ளே வைத்து, கொப்பியில் அடுத்த செவ்வாய்க்கு அவர் பெயரை எழுதினேன்.